உப்புக் காற்றுக்கு ஏற்ற பேட்டரி எது? மின் சைக்கிளுக்கும் மின் ஸ்கேட்போர்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் வைக்கப்பட்டன. இரும்புப் பகுதிகளுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு அடிக்கப்பட்டது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்கள் எவ்வளவு விரைவாக அரிக்கப்படுகின்றன என்று அறிய மண்டபத்துக் காற்றில் மாதிரித் தகடுகளை வைத்துச் சோதித்திருக்கிறது. இவ்வளவு கவனத்தைக் கோரும் ஒரு கரையில், மின் சைக்கிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கரையோரத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி வேறு. பேட்டரியைக் காவல் காக்கும் மின்னணுப் பலகையை உப்பு ஏமாற்றிவிடும் நாளில், உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் செல் எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளும்? இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியை நடுவில் வைத்தே எழுதப்படுகிறது. ஈய பேட்டரியில் தொடங்கி, பிறகு லித்தியத்துக்கு மாறி, பழுதான சில பேட்டரிகளைத் திறந்தும் பார்த்தவன் என்ற முறையில், என் முடிவுகளை ஆங்காங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: தேவையை வாட் மணியில் கணக்கிடுங்கள்

பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர் மணியில் மட்டும் ஒப்பிடுவது பயனற்றது. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் கிடைக்கும் வாட் மணிதான் உண்மையான அளவு. மிதித்துக்கொண்டே ஓட்டும் மின் சைக்கிள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 முதல் 12 வாட் மணியும், மிதிக்காமல் கைப்பிடியை முறுக்கி மட்டும் ஓட்டினால் 15 அல்லது அதற்கு மேலும், மின் ஸ்கூட்டர் 25 முதல் 35 வாட் மணியும் எடுத்துக்கொள்ளும். ஸ்கேட்போர்டுக்கு 10 முதல் 15 வரை வைத்துக்கொள்ளலாம்.

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குச் சுமார் 17 கிலோமீட்டர். தினமும் போய் வர 34 கிலோமீட்டர் என்றால், மிதிக்காமல் ஓட்டுகிறவருக்கு 510 வாட் மணி தேவைப்படும். எதிர்காற்றுக்காக அதில் கால் பங்கு கூட்டினால் ஏறத்தாழ 640 ஆகிறது. பேட்டரியைத் தினமும் அடிவரை வடிக்காமல் 80 விழுக்காடு மட்டுமே பயன்படுத்துவது என்று முடிவு செய்தால் 800 வாட் மணி வாங்க வேண்டும். இந்த 800 என்ற எண்ணை இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

எதிர்காற்றுக்குக் கால் பங்கு என்பது தாராளக் கணக்கு அன்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மீது 20 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வந்தால், அவர் உணரும் காற்று 45 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதற்குச் சமம். காற்று தரும் எதிர்ப்பு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். கச்சான் காற்று ஓங்கி வீசும் மாதங்களில் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தனுஷ்கோடிச் சாலையில் ஒதுங்க ஒரு மரமும் கிடைக்காது. அந்த வழியே அடிக்கடி போகிறவர்கள் கால் பங்குக்குப் பதிலாக அரைப் பங்கு கூட்டுவதே நல்லது.

இரண்டாம் படி: செல் குடும்பங்களை அறிந்துகொள்ளுங்கள்

ஈய அமில பேட்டரி நமக்குப் பழக்கமானது. வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதன் உறவுதான். ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 40 வாட் மணிதான் தரும். அதுவும் மெதுவாக வடித்தால்தான் தரும். ஒரு மணி நேரத்தில் முழுவதையும் இழுத்தால் எழுதியிருக்கும் கொள்ளளவில் பெரும்பங்கு கைக்கு வராது. நமது 800 வாட் மணியை ஈயத்தில் உண்மையாகப் பெற வேண்டுமானால் எடை 30 கிலோவைத் தாண்டும். பாதி சார்ஜில் சில வாரம் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். நான் முதலில் வாங்கிய வண்டியின் ஈய பேட்டரி இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. பழையதை எடைக்குப் போட்டால் காசு வரும் என்பதும், எந்த ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்கும் என்பதும் மட்டுமே அதன் நிறைகள்.

லித்தியம் அயனி என்பது ஒரே பொருளின் பெயர் அன்று. நேர்மின்வாயில் எந்தச் சேர்மம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் குணம் மாறும் ஒரு குடும்பத்தின் பெயர். இந்தக் குடும்பத்தின் அடித்தளத்துக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வண்டிகளைப் பொறுத்தவரை நாம் பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு.

முதலாவது என்.எம்.சி., அதாவது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த ஆக்சைடு. ஒரு செல்லுக்குச் சராசரி 3.6 அல்லது 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். கிலோவுக்கு 150 முதல் 250 வாட் மணி வரை செல் அளவில் கிடைக்கும். எடை குறைவு, இடமும் குறைவு. முழுதாக ஏற்றி இறக்கினால் 500 முதல் 1,000 சுற்றுகள் வரை நல்ல நிலையில் இருக்கும்.

இரண்டாவது எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். சராசரி 3.2 வோல்ட், முழு சார்ஜில் 3.65, காலியாகும்போது 2.5. கிலோவுக்கு 90 முதல் 160 வாட் மணி. சுற்றுகள் 2,000க்கும் மேல். 1990களில் டெக்சாஸில் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பொருள் இது. இதன் சிறப்பு, ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரசுடன் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதுதான். என்.எம்.சி. செல் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் அடுக்குகளிலிருந்து ஆக்சிஜன் விடுபட்டு, செல்லுக்குள்ளேயே நெருப்புக்குத் தீனி போடும். எல்.எஃப்.பி. அவ்வளவு எளிதில் ஆக்சிஜனை விடாது. அதற்காக அது எரியவே எரியாது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் மின்பகு திரவம் இரண்டிலும் எரியக்கூடியதுதான், எல்.எஃப்.பி. செல் கெட்டாலும் தீப்பற்றும் வாயு வெளியேறும். வேறுபாடு, எவ்வளவு தவறுக்குப் பிறகு, எவ்வளவு வேகத்தில் என்பதில் இருக்கிறது.

லித்தியம் டைட்டனேட் பல ஆயிரம் சுற்றுகள் தாங்கும். ஆனால் செல்லுக்கு 2.4 வோல்ட்தான், எடையும் விலையும் அதிகம், இரு சக்கர வண்டிக்கு ஒத்துவராது. சோடியம் அயனி செல்கள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 4 வோல்ட்டில் தொடங்கி 1.5 வோல்ட் வரை இறங்கும் அவற்றின் அகன்ற வீச்சுக்கு நம் கையில் இருக்கும் கன்ட்ரோலர்கள் (பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கருவிகள்) பொருந்தா. இப்போதைக்குக் காத்திருப்பதே நல்லது.

மூன்றாம் படி: வெயிலைக் கணக்கில் எடுங்கள்

எல்.எஃப்.பி. செல்லைப் பற்றிக் குளிர் நாட்டவர் சொல்லும் பெரிய குறை, உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பது. ஏர்வாடியில் அது ஒரு பிரச்சினை அன்று. நமது பிரச்சினை வெப்பம். செல் சும்மா இருக்கும்போதும் முதுமை அடைகிறது. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் அந்த முதுமை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது பொதுவான மதிப்பீடு. வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்தால் கேடு இன்னும் விரைவு பெறும். இந்தச் சேர்க்கை என்.எம்.சி. செல்லை மிகக் கடுமையாகத் தாக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்துக்குப் போய்வரவே வண்டி வைத்திருப்பவர்களின் வீட்டில் அந்த நாட்களில் வண்டி தகரக் கொட்டகையின் கீழே நிற்கும், அதுவும் பெரும்பாலும் முழு சார்ஜில், ஆண்டின் மிக வெப்பமான இரண்டு மாதங்களுக்கு. பேட்டரியைக் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. தடைக்காலம் தொடங்கும் முன் பேட்டரியைப் பாதி அளவுக்கு வடித்து, கழற்றி, வீட்டுக்குள் தரை குளிர்ந்திருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை வோல்ட் பார்த்தால் போதும்.

என்.எம்.சி. வைத்திருப்பவர்கள் நாள்தோறும் செல்லுக்கு 4.1 வோல்ட்டோடு நிறுத்துவது ஆயுளைக் கணிசமாக நீட்டும். வோல்ட்டைக் குறைத்து வைக்க வசதியுள்ள சார்ஜர்கள் கிடைக்கின்றன. எந்த வகையானாலும் வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜரைச் செருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

நான்காம் படி: உப்பு எங்கே கடிக்கிறது என்று பாருங்கள்

இந்தக் கரைக்கு மிக முக்கியமான படி இதுவே. உருளைச் செல் மூடிய எஃகுக் குப்பிக்குள் இருக்கிறது. உப்புக் காற்று நேரடியாக வேதியியலைத் தொடுவதில்லை. அது முதலில் தொடுவது செல்களை இணைக்கும் பட்டைகளை, பற்றவைப்புப் புள்ளிகளை, இணைப்பான்களை, பி.எம்.எஸ். எனப்படும் காவல் பலகையை, அந்தப் பலகைக்கு ஒவ்வொரு செல் வரிசையின் வோல்ட்டையும் சொல்லும் மெல்லிய உணர்கம்பிகளை. (பக்கம் பக்கமாக இணைத்து ஒரே செல் போல இயங்கும் செல்கள் ஒரு வரிசை; இந்த வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தே பேட்டரியின் மொத்த வோல்ட் கிடைக்கிறது.)

அந்த மெல்லிய கம்பி ஒன்று பச்சை பூத்து அரிபட்டால் என்ன ஆகும்? தரமான பலகை குறையைக் கண்டுபிடித்துச் சார்ஜை நிறுத்திவிடும். மலிவான பலகை அந்த வரிசையின் வோல்ட்டைத் தவறாகப் படித்து, நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருக்கலாம். தங்கச்சிமடத்து நண்பர் ஒருவரின் மின் சைக்கிள் பேட்டரியைத் திறந்தபோது 13 வரிசைகளில் ஒன்று 4.3 வோல்ட்டைத் தாண்டியிருந்தது. அதற்கான உணர்கம்பியின் முனையில் பச்சைப் பொடிதான் மிச்சம். அது என்.எம்.சி. தீப்பிடிக்கவில்லை என்பது அவருடைய நல்லூழ். அதே தவறு எல்.எஃப்.பி.யில் நடந்திருந்தாலும் செல் கெட்டுத்தான் போயிருக்கும். ஆனால் பெருவிபத்தாக மாறுவதற்கு முன்பு இருக்கும் இடைவெளி அதில் அகலமானது. கரையோரத்தில் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் நான் தயங்காமல் எல்.எஃப்.பி.யைச் சொல்வதற்கு, 2,000 சுற்றுகளைவிட இந்த இடைவெளியே முதல் காரணம்.

இணைப்புகளின் எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. நமது 800 வாட் மணியைச் சிறிய 18650 வகை என்.எம்.சி. செல்களில் கட்டினால் 13 வரிசை, வரிசைக்கு 6 என 78 செல்கள் வேண்டும். பற்றவைக்க 156 முனைகள். பெரிய 32700 வகை எல்.எஃப்.பி. செல்களில் 16 வரிசை, வரிசைக்கு 3 என 48 செல்களில் 900 வாட் மணிக்கு மேலேயே கிடைக்கும். பெட்டி வடிவச் செல்களானால் 16 போதும். முனைகள் 32தான், அவையும் திருகாணியால் இறுக்கப்பட்டவை, திறந்து பார்த்துத் துடைக்கக் கூடியவை. உப்பு தாக்குவதற்கு எத்தனை இடம் குறைவோ அத்தனையும் ஆதாயம்.

பட்டை தூய நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், ஏனெனில் நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். பட்டைத் துண்டு ஒன்றை அரத்தால் கீறி ஓர் இரவு உப்புத் தண்ணீரில் போடுங்கள். கீறல் செம்பழுப்பானால் உள்ளே இரும்பு. நம் ஊரில் அந்தப் பேட்டரிக்கு ஆயுள் இல்லை.

நீல நிறச் சுருங்கு உறை மட்டும் போட்ட பேட்டரி நீர்புகாதது அன்று. ரப்பர் வளையத்தோடு மூடும் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் பெட்டி வேண்டும், கம்பி வெளியேறும் துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும், பி.எம்.எஸ். பலகையில் ஈரம் புகாத பூச்சு அடித்திருக்க வேண்டும். இணைப்பான்களில் மின்காப்பு கிரீஸ் தடவ வேண்டும். ஐ.பி.67 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல நீரில் செய்யப்படுவது. கடற்கரையில் ஓட்டி வந்த பிறகு ஈரத் துணியால் துடையுங்கள், பீய்ச்சிக் கழுவாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழையிலோ அலையிலோ வண்டி கடல்நீரில் முழுவதும் நனைந்துவிட்டால் சார்ஜ் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே தங்கி மின்சாரத்தைக் கசியவிடும். 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயன் சூறாவளிக்குப் பிறகு, கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில பல நாள் கழித்துத் தீப்பற்றின. நனைந்த பேட்டரியை வீட்டிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் வைத்துவிட்டு, பேட்டரி வேலை தெரிந்த ஒருவரை அழையுங்கள்.

ஐந்தாம் படி: வோல்ட்டும் சார்ஜரும் பொருந்துகின்றனவா

இங்கேதான் வீட்டில் பிள்ளைகள் அதிகம் தவறு செய்கிறார்கள். 48 வோல்ட் என்று எழுதிய இரண்டு பேட்டரிகள் ஒன்றல்ல. 13 வரிசை என்.எம்.சி.யின் முழு வோல்ட் 54.6, 16 வரிசை எல்.எஃப்.பி.யின் முழு வோல்ட் 58.4. எல்.எஃப்.பி. சார்ஜரை என்.எம்.சி. பேட்டரியில் செருகினால் ஒவ்வொரு செல்லும் 4.49 வோல்ட் வரை தள்ளப்படும்; நடுவில் நிற்பது பி.எம்.எஸ். மட்டுமே. மாறாக என்.எம்.சி. சார்ஜரை எல்.எஃப்.பி.யில் போட்டால் செல்லுக்கு 3.41 வோல்ட்டோடு நின்றுவிடும். ஆபத்தில்லை, ஆனால் வரிசைகள் சமமாகாமல் நாளடைவில் கொள்ளளவு குறையும். பழைய சைக்கிளில் வேதியியலை மாற்றும்போது கன்ட்ரோலர் 58.4 வோல்ட்டைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்; தாங்காவிட்டால் 54.75 வோல்ட்டில் நிறையும் 15 வரிசை எல்.எஃப்.பி. எளிய தீர்வு.

எல்.எஃப்.பி.க்கு மாறுகிறவர்கள் எதிர்பாராத ஒன்று உண்டு. அதன் வோல்ட் நெடுநேரம் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று, கடைசியில் திடீரென்று சரியும். வோல்ட்டைப் பார்த்துக் கோடு காட்டும் பழைய மீட்டர் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் பாதி வழியில் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் கைவிடும். உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியர் மணியை எண்ணும் மீட்டர் ஒன்றைப் பொருத்துவது நல்லது.

ஆறாம் படி: ஸ்கேட்போர்டு என்றால் கணக்கு மாறுகிறது

ஸ்கேட்போர்டுப் பலகையின் அடியில் கிடைப்பது சில அங்குல அகலமும் இரண்டு விரல் தடிமனுமான இடம். 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள 18650 செல்களை 10 வரிசை, வரிசைக்கு 2 என அடுக்கினால் 180 முதல் 216 வாட் மணி. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஓடும். அதே இடத்தில் எல்.எஃப்.பி. வைத்தால் தூரம் பாதியாகும். ஆகவே இங்கே நான் என்.எம்.சி.யையும் அதன் நெருங்கிய உறவான, நிக்கல், கோபால்ட், அலுமினியம் கலந்த என்.சி.ஏ.வையும் ஏற்றுக்கொள்கிறேன். பேட்டரி சிறியது, பலகையைக் கையில் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடலாம், இரவெல்லாம் உப்புக் காற்றில் நிற்பதில்லை.

ஆனால் மின்னோட்டம் கடுமையானது. பலகை 40 ஆம்பியர் இழுத்தால் வரிசைக்கு இரண்டு செல் உள்ள பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் 20 ஆம்பியர் தர வேண்டும். ஆகவே கொள்ளளவு பெரிதான செல்லைவிட, 2.5 முதல் 3 ஆம்பியர் மணியும் 20 ஆம்பியர் தொடர் மின்னோட்டமும் கொண்ட செல்லே பொருத்தம். 18650 அளவில் 3.5 ஆம்பியர் மணியே ஏறத்தாழ உச்சம். 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்கப்படும் செல் ஏமாற்று. நல்ல செல் 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் போலி பாதி நேரம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பலகை வளைவது, அதிர்வது இரண்டும் பற்றவைப்புகளை உடைக்கும். செல் தொகுதிகளுக்கு இடையே விறைப்பான பட்டைக்குப் பதிலாகப் பின்னிய செப்புக் கம்பி போடச் சொல்லுங்கள். முழு சார்ஜில் புறப்பட்டு உடனே சரிவில் பிரேக் பிடித்தால், மோட்டாரிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லாமல் சில பலகைகளில் பிரேக்கே விடுபடும். நம் சமவெளியில் சரிவு என்று சொல்ல பாம்பன் சாலைப் பாலம்தான் இருக்கிறது. அங்கே லாரிகளுக்கு நடுவே ஸ்கேட்போர்டு ஓட்டுவதை நான் எந்த வேதியியலுக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன். மதுரையிலிருந்து விமானத்தில் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: 100 வாட் மணி வரையே பொதுவாக அனுமதி, நிறுவனத்தின் ஒப்புதலோடு 160 வரை. மேலே சொன்ன பலகை அதில் அடங்காது.

ஏழாம் படி: கடையில் நின்று சோதித்து வாங்குங்கள்

பல கடைகளில் லித்தியம் என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். எந்த லித்தியம் என்று அறிய, சார்ஜரின் அடியில் ஒட்டியிருக்கும் வெளியீட்டு வோல்ட்டைப் படியுங்கள். அதை 4.2ஆல் வகுத்தால் முழு எண் வருகிறதா, 3.65ஆல் வகுத்தால் வருகிறதா என்று பாருங்கள். 42, 54.6, 67.2, 84 என்றால் என்.எம்.சி. வகை, 43.8, 58.4, 73 என்றால் எல்.எஃப்.பி. விற்பனையாளர் சொல்வதும் இந்தக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். வேதியியலின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

25 கிலோமீட்டர் வேகத்துக்கும் 250 வாட்டுக்கும் உட்பட்ட வண்டிக்கு உரிமமோ பதிவோ தேவையில்லை. பதிவு தேவைப்படும் ஸ்கூட்டரானால், மின் வண்டிகளின் பேட்டரிப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலையான ஏ.ஐ.எஸ். 156 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகு இறுக்கப்பட்ட அந்த விதிகள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. உரிமம் வேண்டாத வண்டிகளுக்கும் சாதாரண சைக்கிளை மின் சைக்கிளாக்க மாட்டும் தனிப் பொருத்திகளுக்கும் இந்தக் கட்டுப்பாட்டின் துணை இல்லை. அங்கே நான்காம் படியில் சொன்ன சோதனைகளே உங்களுக்குக் காவல்.

பழைய லித்தியம் பேட்டரியைக் குப்பையிலோ கடலோரத்திலோ போடாமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்; 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்திருக்கின்றன. கொடுப்பதற்கு முன் இரு முனைகளையும் தனித்தனியே மின்காப்பு நாடாவால் சுற்றிவிடுங்கள்.